அப்பாவுக்குச் சொல்லாத பாதிக் கதை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவனே ஆதலால், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

அப்பா பிறந்தது திருவெள்ளறையில். மழை பொய்த்து நிலம் கைவிட்டபின், உறையூரில் சுருட்டுச் சுற்றும் வேலைக்கு வந்தார். சிந்தாமணியில் ஓர் அறையில் குடியிருந்தோம். எனக்கு ஐந்து வயதில் அம்மா காலமானார். மறுமணம் செய்துகொள்ளச் சொன்ன உறவினர்களிடம், "பையன் படிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அப்பா காலத்தைக் கடத்திவிட்டார்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், ஞாயிறுதோறும் காவிரிப் பாலத்தின்மேல் நடந்து ஸ்ரீரங்கத்து நூலகத்துக்கு அழைத்துப் போவார். எழுத்தறியாத அவரே எனக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பார். ஓரம் மடங்கி, கை அழுக்கேறியதாகப் பார்த்து எடுப்பார்.

"புதுசா மொடமொடன்னு இருந்தா யாரும் சீண்டலைன்னு அர்த்தம்டா. நாலு பிள்ளைங்க கை பட்டதுதான் நல்லாருக்கும்."

ஒரே ஒருமுறைதான் ஏமாந்தார். "என்னங்க, ரயில் டயம் டேபிளை எடுத்துக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்று நூலகர் சிரித்தார். "அதான் இத்தனை பேரு தொட்டிருக்காங்களா!" என்று அப்பாவும் சிரித்துவிட்டார்.

மாலையில் அவர் வேலையிலிருந்து வந்து குளித்ததும் நான் உரக்கப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, புயலில் சிக்கிய ஒரு படகுக்காரனின் கதை பாதி முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் ஆசிரியர், "உதட்டை அசைக்காம மனசுக்குள்ள படிங்க. தானாப் படிக்கிறதுதான் படிப்பு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று மாலை நான் வாய் திறக்கவில்லை.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"இனிமே மனசுக்குள்ளதாம்ப்பா படிக்கணும். சார் சொல்லிட்டாரு."

"படகு என்னாச்சு?"

"பேசாதீங்கப்பா, விட்டுப்போயிடும்."

"சரி சரி. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாளில் முடித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் படித்துத்தான் நான் ஆளானேன். ஆனால் பல ஆண்டுகள் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து, நான் மட்டும் எங்கெங்கோ போய் வந்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழையபடி அழுக்கேறிய புத்தகமாகத் தேடிக் கொடுப்பார்.

மருங்காபுரிப் பக்கம் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அப்பா தனியே இருந்தார். இருமல் முற்றிய கடைசி மூன்று வாரம் மருத்துவமனைக் கட்டிலருகே இருந்தேன். அங்கும் என் கையில் புத்தகம். அங்கும் மனத்துக்குள்தான் படித்தேன். "நீ படி, நான் சும்மாத்தானே கெடக்கேன்" என்பார்.

காரியத்தன்று, கம்பெனியில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் சுருட்டுச் சுற்றிய மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதே. அந்தப் படகுக்காரன் கரையேறுனானா இல்லையா? தெனம் காலைல உங்கப்பா கதை சொல்லுவாரு, சுத்திக்கிட்டே கேப்போம். திடுதிப்புன்னு நின்னுபோச்சு. கேட்டா, 'பையன் இன்னும் படிச்சு முடிக்கலை'ம்பாரு. 'என்னய்யா, ஒரே புத்தகத்தப் பத்து வருசமாவா படிக்கிறான்? வாத்தியாரே ஆயிட்டானே'ன்னு கிண்டல் பண்ணுவோம். அப்பவும் அதையேதான் சொல்லுவாரு."

எனக்கு முடிவு மறந்துவிட்டது. அப்படியே சொன்னேன். மாமா நம்பியதாகத் தெரியவில்லை. நூலகத்தில் போய்க் கேட்டேன். பலர் கை பட்டுக் கிழிந்துபோனதால் அதைக் கழித்துவிட்டார்களாம்.

என் வகுப்புப் பிள்ளைகளும் இன்று மனத்துக்குள்தான் படிக்கிறார்கள். ஆனால் படித்ததை வீட்டில் ஒருவருக்காவது முழுதும் சொன்ன பிறகே அடுத்த புத்தகம் தருகிறேன்.

நான் ஊரில் இல்லாத நாட்களில் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த தெருவினருக்கும், அவரைத் தோளில் சுமந்த கம்பெனித் தோழர்களுக்கும் நான் என்றும் கடமைப்பட்டவன். அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே, இம்மலரைப் பெறுகிற படித்தவர்கள், பக்கத்தில் இருப்போருக்கு இதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். அருள்கூர்ந்து பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.