அண்ணாவியாரின் மூன்று தட்டு

யூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து பத்து. சோளகக் காற்று மண்ணை வாரியடித்தது. அந்த இரைச்சலிலும் என் மனைவி அடுத்த வீட்டில் சிரிப்பது கேட்டது. வேலியோரம் நின்று எண்ணினேன். ஏழு தரம்.

கனடாவில் பேத்திக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, எங்கள் பேத்தி இளகிய மனசுக்காரி என்று மனைவி வீடியோவில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல், கைண்ட்-ஹார்ட்டட். முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல், வாய் திறந்து நாடி இறங்கும் ஒவ்வொரு தரமும் ஓர் அசை என்றேன். அவள் 'கைண்டு' என்று இழுத்து மூன்றை நான்காக்கினாள். பதினொரு தரம் திருத்தினேன். பிறகு எழும்பிப் போய்விட்டாள்.

போனது அடுத்த வீட்டு அண்ணாவியாரிடம். எழுத்து வாசிக்காத மீனவர்களுக்கும் கூத்துப் பாட்டைப் பழக்கி மேடையேற்றுகிறவர். தன் மகளின் போனில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினாராம். கைண்ட், ஹார்ட், டட். நடுத்தட்டு பலமாக. மூன்றும் சரி. ஒரு பிழையாவது இருந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

"அசையெண்டால் என்னெண்டு அவருக்குத் தெரியுமோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அவர் தட்டுறார், நான் சொல்லுறன். முகத்தைச் சுழிக்கிறேல்லை."

"இனி அங்கை போகவேண்டாம்."

"சரி, போகேல்லை. கலியாணத்திலயும் கதைக்கேல்லை."

சொன்னபடியே இருந்தாள். மூன்றாம் நாள், அம்மா கலியாணத்தில் கதைக்கமாட்டாவாம், சுகமில்லையோ என்று மகள் கனடாவிலிருந்து போன் எடுத்து அழுதாள். நான் அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தேன்.

"எங்கட வீட்டை வந்து பழக்குங்கோ, அண்ணாவியார்."

"வாறன் மாஸ்டர். ஆனா நீங்கள் சபையில இருக்கிற ஆள். வாய் திறக்கப்படாது."

நான்கு மாலை வந்தார். என் கதிரையில் அவர் இருந்து தட்டினார். நான் சுவரோர மரவாங்கில் இருந்தேன். ஒருநாள், "மாஸ்டர் நல்லாப் பழகியிட்டார், அக்கா," என்றார். இருவரும் சிரித்தார்கள்.

கலியாணத்தன்று அவள் பிசகாமல் சொன்னாள். மாப்பிள்ளை திரையில் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மடியில் அவள் விரல் தட்டியதையும் பார்த்தேன்.

கூத்து அரங்கேறினால் அண்ணாவியாருக்கு வேட்டி சால்வை கொடுப்பது வழக்கம். அதை நானே போர்த்திவிட வேண்டுமென்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். போர்த்தினேன். வேட்டி, சால்வை, நான்கு நாள் தேத்தண்ணீர், பிஸ்கற் எல்லாமாக நாலாயிரத்து அறுநூற்றிருபது ரூபாய்.