சட்டையா, வளையலா

மணவாள நகரில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டியில் வேலை பார்ப்பவன் பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். ரயில் நிற்கும் முன்பே கதவருகில் போய் நிற்காவிட்டால் அடுத்த வண்டி போய்விடும். வருடக்கணக்காக இப்படி எழுந்து எழுந்து, என்னைக் கேட்காமலே எழுந்துகொள்ள என் முழங்கால்கள் பழகிவிட்டன.

மகள் இமயமலைப் பக்கம் ஒரு சிற்றூரில் மருமகனோடு இருந்தாள். ஏழாம் மாதம். வளைகாப்பை அங்கேயே வைப்பதாக முடிவாயிற்று. மழையில் சாலை சரிந்திருந்ததால், ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்தது போன்ற ஒரு குட்டி விமானத்தில், விமானிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து போனோம். பாரிமுனையில் பார்த்துப் பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல்கள், டப்பாவோடு மனைவியின் மடியில்.

“ஒண்ணு உடஞ்சாகூட ஆவாதுங்க. மொத வளைகாப்பு.” சென்னையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இறங்கும்போது மலைக்காற்று விமானத்தை முறத்தில் போட்டுப் புடைத்தது. தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. பெல்ட் மாட்டாதவர்களுக்கு வகுப்பெடுப்பது என் பிழைப்பு. ஆனால் சக்கரம் தரையைத் தொட்டதும், பேசின் பிரிட்ஜ் வந்துவிட்டதென்று முழங்கால்கள் முடிவு செய்தன. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

“யோவ், இன்னாத்துக்கு எழுந்துக்கினு கீற?” மனைவி கத்தினாள்.

அதற்குள் பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. விமானம் மறுபடி எழும்பி, தரையில் மோதி, ஓடுபாதையை விட்டு விலகி, ஒரு இறக்கையால் புல்தரையை உழுதுகொண்டே போய் நின்றது. நான் விமானியின் முதுகில் போய் விழவில்லை. காரணம், என் சட்டையின் பின்புறம் மனைவியின் இரண்டு கைகளிலும் இருந்தது. டப்பா விமானியின் காலடியில் கிடந்தது.

யாருக்கும் அடியில்லை. விமானி திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார்.

“இன்னா சொல்றாரு?” என்று என்னைக் கேட்டாள் மனைவி.

“காத்து பலமாம்.”

“நாங்க மட்டும் ஊட்டுலயா குந்திக்கினு இருந்தோம்?”

மகள் வேலிக்கு வெளியே நின்று அத்தனையையும் பார்த்திருக்கிறாள். வெளியே வந்ததும் மனைவி அவளிடம் டப்பாவைத் திறந்து காட்டினாள். பெரும்பாலும் தூள். “எல்லாம் போச்சுடி. இந்த மனுசன் எழுந்து தொலைச்சாரு.”

மகள் எங்கள் இருவர் தோளையும் கையையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். “இன்னாம்மா போச்சு? ரெண்டு பேரும் முழுசா கீறீங்களே.”

தப்பிய சில பச்சை வளையல்களோடு, பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்தவற்றையும் சேர்த்து வளைகாப்பு நடந்தது.

இப்போது பேத்தி வளையல் கேட்கிறாள். போன வாரம் நானும் மனைவியும் பாரிமுனையில் வாங்கிக்கொண்டு மின்ரயிலில் திரும்பினோம். புட்லூர் தாண்டியதும், அடுத்து இறங்க வேண்டியதுதான் என்று வழக்கம்போல் எழுந்தேன்.

“இந்தாங்க, டப்பாவ புடிங்க,” என்று என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.