முறை வந்தும் எழாதவர்கள்

எதிர்க்கடையில் ஏசி போட்டு, சுவரளவு டிவி மாட்டியபோது சலூன்காரர் அசரவில்லை. தன் கடை பெஞ்சில் தடித்தடியாக மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு காலத்தில் நாளிதழில் தினம் மூன்று கட்டமாக வந்த துப்பறியும் படக்கதை, இப்போது முழுத் தொகுப்பாக வந்திருந்தது. அந்த நாளில் சவர நுரையை வழிக்க அவர் பழைய பேப்பரைத்தான் கிழிப்பார். மந்திரிகள் முகத்திலேயே வழித்திருக்கிறார். அந்தத் துப்பறிவாளன் மேல் மட்டும் ஒரு பொட்டு நுரை பட்டதில்லை.

இப்போதெல்லாம் "வாங்க, உங்க முறை" என்று கூப்பிட்டால் பெஞ்சில் ஒருவரும் அசைவதில்லை. "அவர முதல்ல பாருங்கண்ணே, நான் இந்தக் கதைய முடிச்சிட்டு வரேன்" என்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ கொண்டுவந்த அவர் மனைவி பெஞ்சைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூலையில உட்கார்ந்திருக்கிறவர் தலையில மருந்துக்குக்கூட முடி இல்ல. வாராவாரம் எதுக்குங்க வர்றாரு?"

சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். எதிர்க்கடைக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்:

"அவரு மூணாவது புக்குல இருக்காரு."