தேக்காவில் கண்ணை மூடச் சொன்னேன்

பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் போல ஊரில் சண்டையை இழுத்துவிடும் வேலை வேறொன்று கிடையாது. என்னைப் போல ஓய்வுநாள் பள்ளி நடத்தி, பிள்ளைகள், பெற்றோர், மிஷன் என்று மூன்று பக்கமும் பேச்சு வாங்கிய சகோதர சகோதரிகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் தேக்காவில், எருமைக் கொட்டில்களுக்கு எதிரே, காதர் மரைக்காயரின் ஜவுளிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் என் வகுப்பு நடந்தது. மிஷன் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த அறை. வந்த பிள்ளைகளில் முக்கால்வாசி பால்காரர் வீட்டுப் பிள்ளைகள், நெற்றி நிறையத் திருநீறோடு வருவார்கள். கொஞ்சம் எழுத்து, ஒரு கதை, ஒரு பாட்டு, கடைசியில் ஜெபம். எழுத்துக்காகத்தான் அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மற்றதற்காகத்தான் நான் வருகிறேன் என்பது அவர்களுக்கும் தெரியும். இப்படி ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் வகுப்பைத் தொடங்கினோம்.

பால்காரர்களில் பெரிய கை மாடசாமிக் கோனார். அவருடைய மகள் செல்லக்கண்ணு முன்னால் நடந்தால் கொட்டில் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் வருவார்கள். அவள் நின்றுவிட்டால் என் வகுப்பில் மிஞ்சுவது நானும் கரும்பலகையும்தான். இதை நினைத்தால் சனிக்கிழமை இரவில் எனக்குச் சோறு இறங்காது.

காவலுக்கு ஒரு மீசை

வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் கோனார் மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அறையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "ஜெபம்னு சொல்லிப் பிள்ளைங்களைக் கண்ணை மூடச் சொல்றீங்களாமே, எதுக்கு?" என்றார். மனம் அலைபாயாமல் இருக்க என்றேன். "எங்க சாமியைக் கண்ணைத் திறந்துதான் பாக்குறோம். கண்ணை மூடச் சொன்னா, அந்த நேரத்துல இங்க என்னமோ நடக்குதுன்னுதானே அர்த்தம்? தலையில தண்ணியைத் தெளிச்சு உங்க வேதத்துல சேத்துட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. பச்சைப் பிள்ளைகளை ஏமாற்றியா கடவுளிடம் சேர்ப்பேன் என்று கேட்டேன். கேட்டுப் பயன் இல்லை. அடுத்த ஞாயிறு அவருடைய கொட்டிலில் வேலை பார்க்கும் கருப்பையா, கன்னம் வரை முறுக்கிவிட்ட மீசையும் கையில் மாடு ஓட்டும் கம்புமாக வந்து, பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். ஜெப நேரம் வந்ததும் நான் அவரைத் தயக்கத்தோடு பார்த்தேன். அவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க கண்ணை மூடிக்குங்க வாத்தியாரம்மா. நான் பாத்துக்கிறேன்."

தண்ணீர்ப் பானை

தண்ணீர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அது பானையையும் விடாது. பிள்ளைகள் தாகத்துக்குக் குடிக்க மூலையில் ஒரு மண்பானை வைத்திருந்தேன். கருப்பையா அதை மோந்து பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார், கடைசியில் தாமே ஒரு செம்பு குடித்துவிட்டு, தமக்கு ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மறுவாரம் முதல் கொட்டில் கிணற்றுத் தண்ணீரைப் பால் கேனில் கொண்டுவரத் தொடங்கிவிட்டார். பால் வாசம் அடிக்கும் அந்தத் தண்ணீருக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். என் பானையைச் சீந்த ஆளில்லை.

அதில் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல் என்னவென்றால், தினமும் காலையில் என் வீட்டுக்கு ஊற்றும் கோனார் வீட்டுப் பாலைக் காய்ச்சும்போதெல்லாம் இதில் பால் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று சந்தேகப்படுகிறவள் நான். இதை மாடிப்படியில் நின்று மரைக்காயரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சீலைத் துணியை மடித்தபடியே சிரித்தார். "உங்க தண்ணியில என்ன கலந்திருக்குன்னு பால்காரரு சோதிக்கிறாரா? அல்லாவே, இதைக் கேக்கவா நான் மாடியை வாடகைக்கு விட்டேன்!"

மண்ணெண்ணெய்ப் பெட்டி

சமாதானத்தை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது என்று நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் இருவரையும் ஒரே மண்ணெண்ணெய்ப் பெட்டியில் ஒட்டி உட்கார வைப்பேன். எதிராளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால்தான் எழுந்திருக்கலாம். சின்னப் பெட்டி. ஒருவர் சட்டென்று எழுந்தால் மற்றவர் சாய்ந்து விழுவார். அதனால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் வாரத்துக்கு வாரம் சண்டை கூடிக்கொண்டே போனது. சிரித்துக்கொண்டு மாடியேறி வந்த பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் ஜடையைப் பிடித்து இழுத்தார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கவனித்தேன். மழைக்காலம். ஓட்டின் வழியே ஒழுகி, உட்காரும் பாயெல்லாம் ஈரம். அறையில் நனையாத இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். யாருக்குப் பிறகு யார் சண்டை போடுவது என்று செல்லக்கண்ணு முறை வைத்துக் கொடுத்திருந்தாள். இது சரியா என்று அவளைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சண்டை போட்டாத்தானே வாத்தியாரம்மா சமாதானம் ஆக முடியும்? சும்மா இருந்தா எப்படி ஆகுறது?"

துரை வந்தார்

மிஷன் பாதிரியார் வெள்ளைக்காரர். எல்லோரும் துரை என்போம். தமிழைப் புத்தகத்தில் படித்து, புத்தகம் போலவே பேசுவார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் என் மேல் சந்தேகம். கோனாருக்கு நான் பிள்ளைகளை வேதத்தில் சேர்த்துவிடுவேனோ என்று பயம். துரைக்கு நான் யாரையுமே சேர்க்கவில்லையே என்று குறை. "இதுவரை எத்தனை ஆத்துமாக்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் இப்போது கல்லெறிவது குறைந்திருக்கிறது என்றேன். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மறுபடி வருவதாகவும், நமது பாடம் இவர்கள் நடத்தையில் தெரிந்தால் அறை தொடரும், இல்லாவிட்டால் வாடகையை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். அதிகம் காட்டினால் கோனார் மூடுவார், குறைவாகக் காட்டினால் துரை மூடுவார்.

அன்று ஜெபம் அவரே செய்தார். பாதியில் கண்ணைத் திறந்தவர் பின்னால் கம்போடு விழித்துக்கொண்டிருந்த கருப்பையாவைப் பார்த்துவிட்டார். "நண்பரே, தாங்கள் ஏன் கண்களை மூடவில்லை?" என்றார். கருப்பையா எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "நான் காவல்ல இருக்கேன் தொரை. நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

ஆட்டுக்குட்டிப் படம்

மிஷனிலிருந்து படச்சீட்டுகள் வரும். ஒழுங்காக வந்த பிள்ளைக்கு ஒன்று கொடுப்பேன். ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிய இயேசுவின் படம் ஒன்றை அலமாரியில் தனியாக வைத்திருந்தேன், அது காணாமல் போனது. அறையில் கண்ணைத் திறந்து உட்காருகிறவர் கருப்பையா ஒருவர்தான் என்பதால் என் சந்தேகம் நேரே அவரிடம் போனது. எடுத்தது செல்லக்கண்ணு என்று பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்குப் பரிசு கொடுக்க எடுத்தாளாம்.

பால் கணக்குத் தீர்க்கக் கொட்டிலுக்குப் போனபோது பார்த்தேன். கிருஷ்ணர் படத்துக்குப் பக்கத்தில், அதே ஆணியில், என் படம் தொங்கியது. கோனாருடைய மனம் திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன். மெதுவாக விசாரித்தேன். அவர் எருமையின் முதுகைத் தேய்த்தபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "குட்டியைத் தோள்ல தூக்குறவரு எந்த ஊரா இருந்தா என்ன, எங்க ஆளுதான்."

இரண்டு பெரியவர்கள்

அந்தப் படத்தை அடுத்த கொட்டில் சின்னத்தம்பியும் பார்த்துவிட்டார். அவருக்கும் கோனாருக்கும் புல் அறுக்கும் இடத்தைப் பற்றி ரொம்ப நாள் பகை. கோனார் வேதத்தில் சேர்ந்துவிட்டார், மகள் தலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது என்று சிராங்கூன் ரோடு முழுக்கப் பரப்பினார். கோவில் அபிஷேகத்துக்குக் கோனார் வீட்டுப் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துரை வருவதாகச் சொன்ன அதே ஞாயிறு, கோனார் கம்போடு மாடியேறி வந்தார். "எழுந்திரு புள்ள. இனிமே இந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது" என்று மகளின் கையைப் பிடித்தார். பின்னாலேயே, "அப்படின்னா தண்ணி தெளிச்சது நெசந்தானே!" என்று கத்திக்கொண்டு சின்னத்தம்பி. கோனார் கம்பை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். பட்ட பாடெல்லாம் இன்றோடு போயிற்று என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்னால் தரையில் ஏதோ உராயும் சத்தம். பிள்ளைகள் வழக்கம்போல மண்ணெண்ணெய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சண்டை வந்தால் பெட்டி வர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். "உக்காருங்கப்பா" என்றாள் செல்லக்கண்ணு. கோனார் அசையவில்லை. "எனக்கென்ன பயமா?" என்று சின்னத்தம்பி போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்துவிட்டுக் கோனாரால் நிற்க முடியுமா? அவரும் உட்கார்ந்தார். பெட்டி முனகியது. விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "என் மக தலையில தண்ணி விழுந்துச்சான்னு என் ஆள்கிட்டயே கேளு" என்றார் கோனார். எல்லோரும் ஜன்னலோரம் திரும்பினோம். கருப்பையா எழுந்து, "கறக்குற பால் மேல சத்தியம். ஒரு ஞாயிறு கூட நான் கண்ணை மூடல. ஒரு சொட்டு விழல" என்றார். சின்னத்தம்பி எழுந்திருக்கப் பார்த்தார். ஆனால் பிள்ளைகள் விடவில்லை, நல்ல வார்த்தை சொன்னால்தான் எழலாம் என்றார்கள். வேண்டாவெறுப்பாக, "அவரு எருமைங்க சுத்தமா இருக்கும்" என்றார் சின்னத்தம்பி. அவருடைய தோளைப் பிடித்த கையை எடுக்காமலே கோனாரும் தம் பங்குக்குச் சொன்னார்: "இவன் பால்ல தண்ணி கொஞ்சமாத்தான் ஊத்துவான்."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வாசற்படியில் துரை வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியாது. கோனார் மகளை விட்டுவிட்டுத் தனியாகக் கீழே இறங்கிப் போனார், சின்னத்தம்பியும் கூடவே போனார், கோவிலில் நானே வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தபடி. துரை அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து தட்டிக்கூடப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வாண்டில் ஞானஸ்நானம் ஒன்றுமில்லை. ஆயினும் அறை தொடரட்டும். அந்தப் பெட்டியை மட்டும் மாற்ற வேண்டாம்."

ஜன்னல்

எல்லோரும் போன பிறகு கருப்பையாவுக்கு நன்றி சொன்னேன். அவரைத் திருடன் என்று நினைத்தவள் ஆயிற்றே நான். நீங்கள் இத்தனை ஞாயிறும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இன்று வகுப்பு பிழைத்தது என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு நெளிந்தார். "நான் எங்கம்மா உங்களைப் பாத்தேன்? முதல் வாரம் பாத்ததோட சரி. இந்த ஜன்னல்ல உக்காந்தா எங்க கொட்டில் முழுக்கத் தெரியும். சின்னத்தம்பி ஆளுங்க எருமையை அவுத்து விட்டுருவாங்களோன்னு அங்கதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணை மூடவில்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் ஒரு சொட்டு விழவில்லை என்று பார்க்காமலே எப்படிச் சத்தியம் செய்தீர்கள் என்று கேட்டேன். பால் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டே, இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார். "செல்லக்கண்ணு தலையில ஒரு சொட்டு விழுந்திருந்தா அந்தப் புள்ள சும்மாவா இருந்திருக்கும்? கத்துற கத்துல எருமையெல்லாம் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடியிருக்கும். அதுங்கதான் அசையாம நின்னுச்சே, வாத்தியாரம்மா!"

அன்று முதல் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறேன், காவலுக்கு வந்தவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறைக்குள் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டாமா?