எதுல டபுள்?

நான் செம்பனை லாரி ஓட்டுறவன். மூணாம் வகுப்போட ஸ்கூலுக்கு டாட்டா காட்டுனவன்தான், ஆனா 'டபுள்'னு கேட்டா நாலு நம்பர் லாட்டரி அடிச்ச மாதிரி காது நிமிந்துக்கும். அந்தக் காதாலதான் என் பொண்டாட்டி விழுந்தா.

புக்கிட் காத்தில்ல எங்க தாமான் வீடுகளுக்கு ஜாமு மூலிகை மருந்து விக்க வந்தவன் சொன்னான்: "அண்ணே, அக்கா திங்கிற பிரஷர் மாத்திரையால கிட்னி கெடுற ஆபத்து டபுள்லா. ஆராய்ச்சியிலயே இருக்கு."

மாத்திரையை நானே குப்பையில கொட்டுனேன். ஜாமுவ நானே ஊத்திக் குடுத்தேன். கொஞ்ச நாள்ல பசார்ல மீன் வாங்கிட்டு நின்னவ அப்படியே சாஞ்சிட்டா. வாய் கோணிப்போச்சு.

ஆஸ்பத்திரியில அவன் சொன்ன டபுளைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டாங்க: "அங்கிள், லாரி நிறைய பழத்துல நேத்து ஒரு குலை அழுகல், இன்னிக்கு ரெண்டு. அதுவும் டபுள்தான். அதுக்காக மொத்த லோடையும் லோங்காங் சாக்கடையில கொட்டுவீங்களா?"

"கொட்டுனா முதலாளி என்னையும் சேத்துல்ல கொட்டுவான்!"

"அந்தக் கிட்னி ஆபத்து அவ்ளோ சின்னது அங்கிள். மாத்திரையை நிறுத்துனா வர்ற பக்கவாத ஆபத்துதான் பெருசு. அதை அவன் சொன்னானா?"



போன வாரம் அவனே திரும்ப வந்தான். "அண்ணே, வாய் கோணலுக்குப் புது ஜாமு. குணமாகுற சான்ஸ் டபுள்!"

வாசல் கேட்டுலயே அவன் சட்டையைப் புடிச்சேன். "எத்தனை பேர்ல எத்தனை பேருக்குடா? சொல்றா!"

உள்ளேருந்து என் பொண்டாட்டி குழறிக்கிட்டே கத்துனா: "அவன ஏன் புடிக்கிற? கொட்டுனது நீதானே?"

சட்டையை விட்டுட்டேன். அவன்மேல எனக்கு எவ்ளோ கோவம்னு எனக்குத் தெரியும். என்மேல அதுல டபுள்.