நான் வெட்டிய பெஞ்சுக் காட்சிகள்

என் மேசை இழுப்பறையில் இரண்டு வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. இரண்டின் முதுகிலும் 'மாடி சார்' என்று என் கையெழுத்து. அவை அங்கே வந்த விதம்:

1. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் அரசு அலுவலக எழுத்தர் ஒருவர் குடியிருந்தார். மனைவியை இழந்தவர். மேலதிகாரி நீட்டிய நில ஒதுக்கீட்டுக் கோப்பில் கையெழுத்துப் போட்டு, அது ஊழலாக வெடித்தபோது சஸ்பெண்ட் ஆனார். விசாரணை ஒன்பது வருடம் இழுத்தது.
2. செய்தித்தாளில் அவர் பெயர் வந்த நாளிலிருந்து, படப்பையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் அவரோடு பேசவில்லை.
3. அதே போன்ற ஓர் ஊழலை வைத்துத் தொலைக்காட்சியில் வாரத் தொடர் ஒன்று வந்தது. பதின்மூன்று வாரம் என்றார்கள். முப்பத்தொன்பது வாரம் ஓடியது.
4. அதை ஒன்று விடாமல் பதிவு செய்து தரச் சொன்னார் மாடி சார்.
5. நான் விட்டேன்.

அப்போது நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, சேலையூரில் ஒரு டி.வி. பழுதுபார்க்கும் கடையில் வேலையில் இருந்தேன். கடை வி.சி.ஆரில் டைமர் வைத்துவிட்டு வந்து, சாரோடும் அப்பாவோடும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து தொடரைப் பார்ப்பேன். ஜவ்வாக இழுக்கிறார்கள் என்று அப்பா ஒவ்வொரு வாரமும் அலுத்துக்கொள்வார். "ஒரு கையெழுத்த வச்சுக்கிட்டு எத்தன வாரம் சார் ஓட்டுவான்?" என்று ஒருநாள் கேட்டார். "எனக்கு எட்டு வருஷமா ஓட்டறாங்களே சார்" என்றார் மாடி சார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொடரில் வரும் குமாஸ்தா, வாராவாரம் விசாரணை அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மடியில் மஞ்சள் பை. பியூன் வேறு யாரையாவது கூப்பிடுவான். சாயங்காலம் அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வசனம் கிடையாது, நாலைந்து நிமிடம் அப்படியே போகும். அந்த நேரத்தில் சார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். காட்சி மாறிய பிறகுதான் எடுப்பார், ஆறியிருக்கும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் கடையில் இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, அந்த வாரப் பகுதியை வேறு கேசட்டுக்கு மாற்றுவேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் வழக்கம். வெட்ட வேண்டியவை: தலைப்புப் பாட்டு, விளம்பரம், முன்கதைச் சுருக்கம், பெஞ்சு. கதை நகராத இடமெல்லாம் வீண் என்பது என் கணக்கு. மூலக் கேசட்டின் மேலேயே அடுத்த வாரத்தைப் பதிவேன். இப்படி முப்பத்தொன்பது வாரத்தை இரண்டு கேசட்டில் அடக்கியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கொடுத்தபோது, "ஒண்ணும் விட்டுப்போகலியேம்மா?" என்று கேட்டார். "தேவையானதெல்லாம் இருக்கு சார்" என்றேன். அவரிடம் வி.சி.ஆர். கிடையாது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு படப்பை பஸ் ஏறினார். மகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள் என்று வந்து சொன்னார். அதற்குப் பின் எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். அழைப்பு அவருக்கு இல்லை. மூன்றாம் மாதம் நெஞ்சுவலி வந்து இறந்தார்.

மாடியைக் காலிசெய்ய மகள் வந்தார். கேசட்டுகளை என்னிடம் நீட்டினார்.

"இதப் பாத்தா நான் பட்டது உனக்குப் புரியும்னாரு. பாத்தேன். கையெழுத்துப் போடறான், சஸ்பெண்ட் ஆவுறான், திரும்ப வேலைல சேந்துடறான். ஒரே ஞாயித்துக்கெழமைல முடிஞ்சுபோச்சு. இதுல அப்பா என்ன பட்டாருன்னு எனக்குப் புரியல."

வெட்டியதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"வெட்டுன எடத்துல அந்த ஆளு என்ன பண்ணுவான்?"

"சும்மா உக்காந்திருப்பான்க்கா."

"எவ்ளோ நேரம்?"

வாராவாரம் நாலைந்து நிமிடம் என்றேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்த பெஞ்சுக் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மழையில் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் பெயரைக் கூப்பிட்டபோது இவனும் எழுந்துவிட்டது. ஏழுதான் நினைவுக்கு வந்தன. ஏழாவதைச் சொல்லும்போது அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது இன்னோர் ஊழல் தொடர் தினமும் வருகிறது. அப்பா வழக்கம்போல் அலுத்துக்கொள்கிறார். நான் ஒன்று விடாமல் பார்க்கிறேன்.

சார் குற்றமற்றவர் என்ற உத்தரவு, அவர் இறந்த நாலாம் மாதம் எங்கள் முகவரிக்கு வந்தது. அது மகளிடம் இருக்கிறது. கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஆறு மணி நேரம் ஓடும். பெஞ்சு அவற்றில் இல்லை.