முகவரி எழுதிய மனு

தம்பியைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாளாகியும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் ஒரு முடிவெடுத்தோம். சத்தம் போடுவதில்லை, ஒருவரையும் ஏசுவதில்லை, பொலிஸ் நிலைய வாசலில் போய்ச் சும்மா உட்காருவது. கூடவே ஒரு மனு. எழுதியது நான். என் கையெழுத்தின் மேல் எனக்கு அப்போது பெரிய எண்ணம்.

கையொப்பம் வாங்க வீடு வீடாகப் போனேன். மேல்மாடி அன்ரி பேனையைத் தொடவே தயங்கினார். உள்ளே யாரோ இருமினார்கள். நான் கவனிக்கவில்லை.

"பிள்ளை, இதால வில்லங்கம் ஒண்டும் வராதே?"

"சும்மா இருங்கோ அன்ரி. நாங்கள் என்ன குண்டா வைக்கப் போறம்? வாய் திறக்காமல் இருக்கப் போறம், அவ்வளவுதான்."

கையொப்பத்தை வைத்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி என்று நான் கோடு போட்டிருந்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் யார் யார் நிற்கிறார்கள் என்று பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பி நிரப்பி எங்களுக்கு அது கைப்பழக்கமாகியிருந்தது. பெயர் மட்டும் போதும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வெயிலில் நான்கு மணித்தியாலம் இருந்தோம். ஒரு அதிகாரி மனுவை மரியாதையாக வாங்கி, சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டினார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் பொலிஸார் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற மகனை அன்ரி இன்னும் பொலிஸில் பதியவில்லை. பதியப் போனால் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தாராம். அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த கிழமை மறுபடி வாசலில் உட்கார்ந்தோம். வேறு என்னதான் செய்வது? கல்லெறிந்தால் சுடுவார்கள், எறியாவிட்டால் தேடி வருவார்கள். அன்ரி வரமாட்டார், வந்தால் எனக்குக் கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவர் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அன்ரி, என்னாலதான்..."

"கதையாதை பிள்ளை. வாய் திறக்கிறேல்லை எண்டு நீதானே சொன்னனீ."